வயலுக்குத் திரும்பும் காவல்காரர்கள்

(விவசாயிகளுக்கான வானொலி உரை)

நெல்லில் புகையான் விழுந்தால் என்ன கதி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் பச்சைப்பசேலென்று நின்ற பயிர், வட்ட வட்டமாகக் காய்ந்து, நெருப்புப் பட்டது போல் ஆகிவிடுகிறது. பால் பிடிக்கிற சமயத்தில் வந்துவிட்டால் கதிர் பதராகிவிடும். போட்ட முதலும் போச்சு, உழைப்பும் போச்சு.

அந்த நேரத்தில் விவசாயிகள் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, நான் மூணு தரம் மருந்து அடிச்சேன். அடிச்ச மறுநாள் பூச்சி செத்துக் கிடந்துச்சு. பதினஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா முன்னைவிட ஜாஸ்தியா வந்து நிக்குது. பக்கத்து வயல்காரர் ஒரு தரம்கூட அடிக்கலை, அவர் பயிர் நல்லா இருக்கே, அது எப்படிங்க?” என்பார்கள். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் பயிரைத் தின்கிற பூச்சி மட்டும் இல்லை, அந்தப் பூச்சியைத் தின்கிற உயிர்களும் இருக்கின்றன. மருந்து இரண்டையும் சேர்த்துக் கொல்கிறது. ஆனால் பயிரைத் தின்கிற பூச்சி சீக்கிரம் திரும்பி வந்துவிடும். காவல்காரன் மெதுவாகத்தான் திரும்பி வருவான். இடைப்பட்ட காலத்தில் வயல் காவல் இல்லாத களம் போலத்தான்.

காவல்காரர்கள் யார் யார்?

ஒரு குத்து நெல்லை இரண்டு கையாலும் விரித்து அடித்தண்டைக் குனிந்து பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில், அரிசிமணியைவிடச் சிறியதாகக் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதுதான் புகையான். அதற்குப் பக்கத்திலேயே வேறு சில உயிர்களும் ஓடும்.

ஒன்று, ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னி இரைக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை. ஓநாய் போல ஓடிப் பிடித்துத் தின்பதால்தான் அந்தப் பெயர். முதுகில் கவைக்கோல் மாதிரி ஒரு கோடு தெரியும். பெண் சிலந்தி முட்டைகளை வெள்ளை உருண்டையாகக் கட்டி உடம்பின் பின்னால் சுமந்து திரியும். குஞ்சு பொரித்தால் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னும். குறைந்தபட்சமாக ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் பத்து நாளில் அந்தக் குத்தில் ஐம்பது பூச்சி காலி. இதற்கு நீங்கள் கூலியும் கொடுக்கவில்லை, மருந்தும் வாங்கவில்லை.

இரண்டாவது, மிரிட் நாவாய்ப்பூச்சி. பச்சை நிறம், கறுத்த தலை, மிகச் சிறியது. பலர் இதையும் தீமை செய்யும் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துவிடுகிறார்கள். இதற்குப் புகையானின் முட்டைதான் பிரியமான சாப்பாடு. ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டைகளை ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சிவிடும். தண்டின் உறைக்குள் ஒளித்து வைத்த முட்டையை மருந்தால் எட்ட முடியாது. இந்தச் சின்னப் பூச்சியால் முடியும்.

மூன்றாவது, தண்ணீரின் மேல் ஓடுகிற சிறு நீர்ப்பூச்சிகள். பயிரிலிருந்து புகையான் தவறித் தண்ணீரில் விழுந்தால் நாலைந்தாகச் சேர்ந்து மொய்த்து முடித்துவிடும். இவை போகத் தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, தரைவண்டு, தவளை என்று பெரிய படையே இருக்கிறது.

மருந்து அடித்தால் என்ன நடக்கிறது?

புகையான் முட்டையைத் தண்டோடு ஒட்டிய இலையுறைக்குள் செருகி வைக்கிறது. ஒரு பெண்பூச்சி நூறு, இருநூறு முட்டைகூட இடும். நீங்கள் மருந்து அடிக்கிற அன்று வெளியே இருக்கிற புகையான் சாகும். சிலந்தி, மிரிட் பூச்சி, நீர்ப்பூச்சி எல்லாம் கூடவே சாகும். ஆனால் உறைக்குள் இருக்கிற முட்டை சாகாது. ஏழெட்டு நாளில் அது பொரிக்கும். பொரித்து வெளியே வருகிற குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆள் இல்லை. அதுதான் நீங்கள் பதினைந்தாம் நாள் பார்க்கிற கூட்டம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. சில மருந்துகள் சிறிய அளவில் உடம்பில் பட்டால் புகையான் சாகாமல், முன்னைவிட அதிக முட்டை இட ஆரம்பித்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையா, ஹைன்ரிக்ஸ் என்ற விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 1980-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகளும், மெத்தில் பாரத்தியானும் இப்படிச் செய்கின்றன என்று தெரியவந்தது. மெத்தில் பாரத்தியான் 2018-ஆம் ஆண்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பைரித்ராய்டு மருந்துகள் இன்றும் கடைகளில் இருக்கின்றன. புகையானுக்கு அவற்றை வாங்காதீர்கள்.

ஒரு நாடே கற்ற பாடம்

இது ஒரு வயலோடு நின்ற சமாச்சாரம் இல்லை. இந்தோனேசியா நம்மைப் போலவே அரிசிச் சோறு சாப்பிடுகிற நாடு. 1970-களில் அங்கே குட்டை ரக நெல், யூரியா, பூச்சிமருந்து மூன்றும் சேர்ந்தே வந்தன. மருந்து விலையில் பெரும் பகுதியை அரசாங்கமே மானியமாகக் கொடுத்தது. மலிவாகக் கிடைத்ததால் விவசாயிகள் நாள் கணக்கு வைத்துக்கொண்டு, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்தார்கள். புகையான் பெருகியது. 1977-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி நஷ்டம். புகையானைத் தாங்கும் ரகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷத்தில் பூச்சி அந்த ரகத்தையும் தின்னப் பழகிக்கொண்டது.

1984-ஆம் ஆண்டு அரிசியில் தன்னிறைவு அடைந்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்திற்குள் ஜாவாத் தீவில் புகையான் மறுபடி கிளம்பி, அந்தத் தன்னிறைவுக்கே ஆபத்து வந்தது. அப்போது விஞ்ஞானிகள் வயல்களைப் பார்த்துச் சொன்னது, மருந்து அதிகம் அடித்த இடத்தில்தான் புகையானும் அதிகம் என்பதே. பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆராய்ச்சியும் இதையே காட்டியது. சிலந்தியும் மற்ற இரைதின்னிகளும் இருக்கிற வயலில் புகையான் தலைதூக்கவில்லை. அவற்றை விலக்கிவிட்டால் பெருகியது.

1986-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி இந்தோனேசிய அதிபர் ஓர் உத்தரவு போட்டார். நெல்லுக்கு 57 வகை மருந்துகளை அடிக்கக் கூடாது என்று தடை. மருந்து மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-இல் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். அதே 1989-இல் வயல்வெளிப் பள்ளிகள் ஆரம்பமாயின. விவசாயிகள் வாரம் ஒரு நாள் வரப்பில் கூடி, குத்து குத்தாகப் பூச்சியை எண்ணிப் பார்த்து, அடிக்கணுமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். நம் ஊரிலும் வயல்வெளிப் பள்ளி நடக்கிறது அல்லவா, அது அங்கேயிருந்து வந்த முறைதான்.

மருந்து வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. காவல்காரர்களை யாரும் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து விடவில்லை. கொல்வதை நிறுத்தினார்கள், அவையாகவே திரும்பி வந்தன. சிலந்திக் குஞ்சு நூல் விட்டுக் காற்றில் மிதந்து வயல்விட்டு வயல் போகும். வரப்புப் புல்லில் ஒதுங்கியிருந்தவை இறங்கி வரும். மிரிட் பூச்சி புகையானைத் தேடிப் பறந்து வரும்.

பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாடே காட்டியது. பின்னாளில் மருந்து உபயோகம் மீண்டும் பெருகிய பிறகு, 2009 முதல் 2011 வரை ஜாவாவில் புகையான் திரும்பவும் பெருஞ்சேதம் செய்தது.

காவல்காரனுக்குச் சாப்பாடு

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நடவு நட்ட புதுசில் புகையான் வந்திருக்காது. அப்போது சிலந்தி எதைத் தின்று உயிர் வாழும்? சாப்பாடு இல்லாத இடத்தில் காவல்காரன் தங்குவானா?

இதையும் ஜாவாவில் ஆராய்ந்தார்கள். வில்லியம் செட்டில் என்பவரும் இந்தோனேசிய விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த அந்த ஆராய்ச்சி 1996-இல் வெளியாயிற்று. வயலில் தொழு உரம், தழை, மக்கிய வைக்கோல் இருந்தால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று கொசு மாதிரி இருக்கிற, ஆனால் கடிக்காத சின்ன ஈக்கள் வளரும். இந்த ஈக்கள் பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. நட்ட சில நாளிலேயே சிலந்திக்கு இவைதான் சோறு. இவற்றைத் தின்று சிலந்தி குஞ்சும் குட்டியுமாகப் பெருகியிருக்கும். அப்புறம் புகையான் வந்து இறங்குகிறபோது காவல்படை தயாராக நிற்கும்.

தொழு உரம் போட்டால் பூச்சி குறையும் என்று நம் பெரியவர்கள் சொன்னால் அதற்குக் காரணம் இதிலும் இருக்கிறது. மண்ணுக்குப் போடுகிற சாப்பாடு சுற்றிச் சுற்றிக் காவல்காரனுக்கும் போய்ச் சேருகிறது. முளைத்த புதுசில் நீங்கள் அடிக்கிற ஒரு தரம் மருந்து, சிலந்தியையும் கொல்கிறது, அதன் சோற்றையும் அழிக்கிறது. அதனால்தான் முதல் மருந்து எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்கிறது.

நாற்பது நாள் பொறுமை

“என்னங்க, இலையெல்லாம் சுருண்டு வெள்ளையடிச்சுக் கிடக்கு, கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் தெரிகிற சேதம் பெரும்பாலும் இலைச்சுருட்டுப் புழு செய்வது. கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் இளம் பயிர் புது இலை விட்டு, புதுத் தூர் வெடித்து அதை ஈடுகட்டிக்கொள்ளும். விளைச்சல் அநேகமாகக் குறைவதில்லை.

வியட்நாம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு லாங் அன் மாகாணத்தில், விதைத்த முதல் நாற்பது நாள் இலைதின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், வானொலி நாடகம் எல்லாம் வைத்தார்கள். ‘நம்பாவிட்டால் வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள்’ என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை. விவசாயிகள் தாங்களே பார்த்துத் தெளிந்தார்கள். இரண்டரை வருஷத்தில், ஒரு போகத்திற்குச் சராசரி மூன்று தரத்துக்கு மேல் அடித்தவர்கள் ஒன்றரை தரமாகக் குறைத்துவிட்டார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். முழு வயலையும் பணயம் வைக்க வேண்டாம். பத்துச் சென்ட் இடத்தை ஒதுக்கி, அங்கே மட்டும் முதல் நாற்பது நாள் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். வாரம் ஒரு தரம் பத்துக் குத்து எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு உங்களுக்கே பேசும்.

மற்ற உயிர்களும் திரும்பும்

காவல்காரர்கள் திரும்பினால் அதோடு நிற்பதில்லை. பூச்சி இருக்கிற இடத்துக்குத் தவளை வரும். தவளை இருக்கிற இடத்துக்குச் சாரைப்பாம்பு வரும். சாரைப்பாம்புக்கு விஷம் இல்லை, எலிதான் அதற்கு முக்கியச் சாப்பாடு. கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து அந்துப்பூச்சிகளைப் பறந்து பிடிக்கும். ராத்திரியில் கூகை வந்து எலி பிடிக்கும்.

நம் நாட்டிலிருந்து ஒரு காலத்தில் தவளைக்கால் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போனது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பூச்சி தின்னும் பிராணியை விற்றுவிட்டு, அந்தப் பூச்சியைக் கொல்ல மருந்து வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. 1987-ஆம் ஆண்டு அந்த ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை போட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காவல்காரர்கள் எல்லாரும் சிநேகிதர்கள் இல்லை. சிலந்தி மிரிட் பூச்சியையும் தின்னும், தவளை சிலந்தியையும் தின்னும். அதனால் புகையான் அடியோடு ஒழிந்துவிடாது. ஒழியவும் வேண்டாம். கொஞ்சம் பூச்சி இருந்தால்தான் காவல்காரன் தங்குவான். சேதம் செய்கிற அளவுக்குப் பெருகாமல் இருந்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, நடவுக்கு முன் தொழு உரமோ, தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்ற பசுந்தாளோ போட்டு உழுங்கள்.

இரண்டாவது, நடும்போது எட்டு அடிக்கு ஒரு அடி இடம் விட்டுப் பட்டம் பிரித்து நடுங்கள். அடித்தண்டுக்கு வெயிலும் காற்றும் பட்டால் புகையானுக்கு ஆகாது. வயலில் இறங்கிப் பார்க்கவும் வசதி.

மூன்றாவது, யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். பிரித்துப் போடுங்கள். கரும்பச்சையாகக் கொழுத்த பயிரில்தான் புகையான் வேகமாகப் பெருகும். தண்ணீரையும் கட்டியே வைக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சுங்கள்.

நான்காவது, வரப்பைச் சுட்டெரிக்காதீர்கள். தட்டைப்பயறு, உளுந்து, எள் போன்றவற்றை வரப்பில் போடுங்கள். நன்மை செய்யும் பூச்சிகளுக்கு அந்தப் பூவில் தேன் கிடைக்கும். சீனா, வியட்நாம், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் பூச்செடி வரப்பு வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

ஐந்தாவது, பறவைகள் உட்கார வயலில் அங்கங்கே குச்சி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டி வையுங்கள். பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் உட்காரும். கதிர் முற்றுகிற சமயத்தில், தானியம் தின்னும் பறவைகள் வராதபடி எடுத்துவிடுங்கள்.

எப்போது மருந்து அடிக்கலாம்?

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீண்ட சிறகுள்ள புகையான் காற்றோடு கூட்டமாக வந்து இறங்கினால் சிலந்தியால் சமாளிக்க முடியாமல் போவதும் உண்டு. தண்டுக்குள் போய்விட்ட குருத்துப்பூச்சிப் புழுவைச் சிலந்தி என்ன செய்ய முடியும்? ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் சிலந்தி இல்லாவிட்டால், தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூர் ஒன்றுக்கு இரண்டு புகையான் ஆகிறவரை பொறுக்கலாம். சிலந்தி இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு. குத்துக்கு இருபது தூர் என்றால், ஒரு சிலந்திக்காக இருபது பூச்சி கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அந்த அளவைத் தாண்டிவிட்டால் முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் சொல்கிற மருந்தை, சொல்கிற அளவில், புகையான் இருக்கிற அடித்தண்டில் படும்படி அடியுங்கள். இலை மேலே பூசினாற்போல் அடித்தால் புகையானுக்குப் படாது, காவல்காரனுக்குத்தான் படும். வட்டமாகத் தாக்கிய இடத்திலும் அதைச் சுற்றியும் மட்டும் அடித்தால் போதும் என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

விவசாயப் பெருமக்களே, வேலியே பயிரை மேய்வது என்று ஒரு பேச்சு உண்டு. நாம் செய்வது அதற்கு நேர்மாறானது. பயிரைக் காக்கிற வேலியை நாமே காசு கொடுத்துப் பிடுங்கி எறிகிறோம். ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் வயலில் இறங்கிப் பத்துக் குத்தை விரித்துப் பாருங்கள். புகையானை மட்டும் எண்ணாதீர்கள். பக்கத்தில் ஓடுகிற சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.